தாத்தா பெயரில் இருந்த ‘பிள்ளை’ எந்தப் பிள்ளை?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தாத்தாவின் பழைய ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்குப் பின்னால் ‘பிள்ளை’ இருக்கிறது. அப்பாவின் ஐ.சி.யில் ‘ஏ/எல்’ போட்டு, தாத்தா பெயரோடு சேர்ந்து அதே பிள்ளை வருகிறது. தன்னுடைய மைகாட்டில், அதாவது இன்றைய அடையாள அட்டையில், அது இல்லவே இல்லை. பிள்ளை என்றால் என்ன சாதி, குடும்பம் திருநெல்வேலிப் பக்கமா, தஞ்சாவூரா, கேரளாவா, பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்தப் பெயரைத் திரும்ப வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘பிள்ளை’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் தாத்தா இன்ன சாதி, இன்ன ஊர் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சொல் பெயரில் எங்கே நிற்கிறது, எந்தத் தாளில் இருக்கிறது, யார் எழுதினார்கள், எப்படி எழுத்துக்கூட்டினார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அது எப்படிக் காணாமல் போனது என்பதைச் சொல்வது சுலபம். நம் மலேசிய நாட்டுப் பதிவில் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. தன் பெயர், நடுவில் அனாக் லெலாக்கி அல்லது அனாக் பெரெம்புவான் என்பதன் சுருக்கமான ஏ/எல், ஏ/பி, அதற்குப் பிறகு தகப்பன் பெயர். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தா கருப்பையா பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் ‘சுந்தரம் ஏ/எல் கருப்பையா பிள்ளை’ என்று பதிவாவார். அந்தப் பிள்ளை கருப்பையாவுடையது, சுந்தரத்துடையது அல்ல. சுந்தரத்தின் மகள் ‘மாலதி ஏ/பி சுந்தரம்’. மூன்றாவது தலைமுறையில் பிள்ளை தானாகவே உதிர்ந்துவிட்டது. யாரும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, கொள்கைக்காக விடவில்லை, பதிவு இலாகாவில் யாரும் தவறுசெய்யவும் இல்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பெரும்பாலான குடும்பங்களில் நடந்தது இதுதான். ‘அப்பா ஏன் எங்களுக்கு அந்தப் பேரைத் தரலை’ என்று மனத்தாங்கலோடு கேட்கிறவர்களுக்கு இதை முதலில் விளக்கிவிடுவது என் வழக்கம்.

சரி, இனி சொல்லுக்கு வருவோம்.

பிள்ளை என்றால் குழந்தை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு பழைய வழக்கு, எவ்வளவு அகலமான வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பதைச் சொல்கிறது. அங்கே பிள்ளை மனிதக் குழந்தைக்கு என்று ஒதுக்கிய சொல் இல்லை. ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்று பறவைக் குஞ்சுக்குச் சொல்கிறது. மரம் செடிகளின் இளமைக்கும் பிள்ளை என்று சொல்லலாம் என்கிறது. இன்றைக்கும் நம் வீட்டுக் கொல்லையில் நடும்போது தென்னம்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கீரி எவ்வளவு வளர்ந்தாலும் கீரிப்பிள்ளைதான்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை நாம் அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று கவனித்திருக்க மாட்டோம். ஆம்பளை என்பது ஆண்பிள்ளை. பொம்பளை என்பது பெண்பிள்ளை. கல்யாண வீட்டில் ‘மாப்ளே’ என்று கூப்பிடுகிறோமே, அதுவும் மாப்பிள்ளைதான். சாதிப் பட்டம் என்று நாம் நினைக்கிற சொல் எல்லாச் சாதிக்காரர் வாயிலும் எல்லா மதத்தார் வாயிலும் புழங்குகிறது.

குழந்தைக்கான சொல் எப்படிப் பெரியவர்களுக்கான மரியாதைச் சொல்லானது? பிள்ளை என்று தனியாகச் சொன்னால் ‘யாருடைய பிள்ளை’ என்ற கேள்வி கூடவே வருகிறது. சாமியின் பிள்ளை, அரசன் வீட்டுப் பிள்ளை, பெரிய இடத்துப் பிள்ளை என்னும்போது சொல்லுக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. ஜாலான் பூடு லாமாவில் இருக்கும் கோர்ட்டுமலைப் பிள்ளையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவனுடைய பிள்ளை, மரியாதைக்கு ‘ஆர்’ சேர்ந்து பிள்ளையார் ஆனார். சைவத்தில் அவர் மூத்த பிள்ளையார், முருகன் இளைய பிள்ளையார். அம்மை பாலூட்டிய திருஞானசம்பந்தரைப் பெரியபுராணத்தார் வழியில் ஆளுடைய பிள்ளையார் என்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அரச குமாரர்களைப் பிள்ளையார் என்று குறிப்பிடும் வழக்கு உண்டு. அரசனையோ தெய்வத்தையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடியதும், குமரகுருபரர் மதுரை மீனாட்சி மீது பாடியதும் அந்த வகைதான்.

வைணவத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாசாரியார் எல்லோரும் திவ்வியப் பிரபந்த உரை மரபின் தூண்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் திருவரங்கத்தை மையமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். இவர்கள் பிராமணர்கள். அடுத்து வந்த பிள்ளைப் பெருமாள் ஐயங்காரின் பெயரில் பிள்ளையும் ஐயங்காரும் சேர்ந்தே இருக்கின்றன. ‘பிள்ளை என்றால் வேளாளர்’ என்ற சூத்திரத்தை வைத்துக்கொண்டு இவர்களைப் படித்தால் ஒன்றும் விளங்காது. இங்கே பிள்ளை என்பது பெருமாளுக்கும் ஆசாரியருக்கும் நெருக்கமானவர் என்ற அன்புச் சொல்.

அப்புறம் உத்தியோகம். கணக்கு எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை. கிராமத்து நிலக்கணக்கு, கோயில் கணக்கு, ஜமீன் கணக்கு, கப்பல் கணக்கு எல்லாவற்றிலும் இந்தப் பெயர் உண்டு. சென்னைப் பட்டணத்து வெள்ளைக்கார வியாபாரிகள் அதைக் ‘கனக்கோபுலி’ என்கிற மாதிரி உச்சரித்துத் தங்கள் மொழிக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒரு பதவி. நம் ரப்பர்த் தோட்டங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைக் கிராணி என்றோம். பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு அமைச்சராக இருந்து 1799இல் தூக்கிலிடப்பட்டவரைத் தானாபதிப் பிள்ளை என்றே ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அது பதவியும் பட்டமும் கலந்த பெயர்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அன்றாட விலைவாசி முதல் சண்டைச் செய்தி வரை அதில் இருக்கிறது. இவர் வேளாளர் இல்லை, யாதவர். வணிகத்தாலும் அரசாங்க உத்தியோகத்தாலும் பெற்ற பெயர் பிள்ளை. வள்ளலார் இராமலிங்க அடிகளின் தகப்பனார் இராமையா பிள்ளை மருதூரில் கிராமக் கணக்கர், கணக்கெழுதும் சமூகமான கருணீகர் மரபினர். மகனோ தன்னைச் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றே எழுதிக்கொண்டார்.

சாதியைப் பற்றிப் பேசாமல் தாண்டிப் போனால் நான் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகாது. கடந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் பிள்ளை என்பது பெரும்பாலும் சாதிப் பட்டமாகத்தான் புழங்கியது. சைவ வேளாளர், கார்காத்தார், சோழிய வேளாளர், நாஞ்சில் வேளாளர் ஆகியோர் அதைப் போட்டுக்கொண்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் ‘பிள்ளைமார்’ என்றாலே ஒரு சமூகத்தின் பெயர். ‘வாங்க பிள்ளைவாள்’ என்பது அந்த ஊர் மரியாதை. ஆனால் அங்கேயே இல்லத்துப் பிள்ளைமார் என்று வேறொரு சமூகம் இருக்கிறது. தஞ்சைப் பக்கம் அகமுடையாரில் ஒரு சாராரும் பிள்ளை போட்டார்கள். கருணீகர் போட்டார்கள். கோயில் இசையும் நாட்டியமும் தொழிலாகக் கொண்ட இசை வேளாளர் போட்டார்கள். கேரளத்தில் நாயர்கள் போட்டார்கள். இவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒருவரை ஒருவர் தங்கள் ஆள் என்று ஒப்புக்கொண்டதும் கிடையாது. ஒரே பட்டம், பல வேலி.

மூன்று மீனாட்சிசுந்தரம் பிள்ளைகளைச் சொல்கிறேன். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்து 1876இல் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்துப் புலவர், தலபுராணங்களைப் பாடிக் குவித்தவர், உ.வே. சாமிநாத ஐயருக்கு ஆசிரியர், சைவ வேளாளர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1869இல் பிறந்தவர். நாட்டிய ஆசிரியர்களான தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார். நாம் இன்று பரதநாட்டியம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி அவரும் அவர் மாணவர்களும் கொடுத்தது. அவர் இசை வேளாளர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் மேதை. அவரும் இசை வேளாளர். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் மகாவித்துவானின் சமூகத்தாரும் மற்ற இருவரின் சமூகத்தாரும் ஊரில் பெற்ற மரியாதை ஒன்றாக இருந்ததில்லை. கோயிலில் தலைமுறை தலைமுறையாக வாசித்தும் ஆடவைத்தும் வந்த குடும்பங்கள், மேல்சாதிக்காரர் முன்னால் தோளில் துண்டு போடக்கூட உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்கள், தங்கள் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்று எழுதியதில் ஒரு தன்மானக் கோரிக்கை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தை எடுத்துக்கொண்டு மேடையேறியபோது அந்தக் கோரிக்கைக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாமல் போனது. ‘பிள்ளை போட்டவரெல்லாம் உயர்சாதி’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த மூவரையும் சொல்லுங்கள்.

மதமும் தடையாக இருந்ததில்லை. தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். இருவரும் பட்டத்தை விடவில்லை.

இனி ஊர் ஊராகப் பார்த்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழி கிடைக்கும்.

கேரளத்தில் பிள்ளை ஆளுடைய சொந்தப் பெயரின் பகுதி. திருவிதாங்கூர் அரசர்கள் கொடுத்த பட்டமாகத் தொடங்கி, நாயர் குடும்பங்களில் நிலைத்தது. மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து 18ஆம் நூற்றாண்டில் அழிந்த எட்டுவீட்டில் பிள்ளைமார் அந்த வகை. தகழி சிவசங்கரப் பிள்ளை என்னும்போது தகழி ஊர், சிவசங்கரன் பெயர், பிள்ளை பட்டம். அதே வீட்டில் ஆண்கள் பிள்ளை என்றால் பெண்கள் பெயருக்குப் பின்னால் ‘அம்மா’ என்று வரும். இதைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் தாத்தாவின் அக்கா தங்கை பெயர் ஏதாவது தாளில் ‘பாரதி அம்மா’, ‘கௌரி அம்மா’ என்கிற மாதிரி இருந்தால் கேரளப் பக்கம் தேடுவது நல்லது.

நாகர்கோவில் பக்கம் சிக்கலானது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும், அது கொச்சியோடு இணைந்தபின் திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது. அங்கே தமிழ் வேளாளப் பிள்ளையும் உண்டு, நாயர் பிள்ளையும் உண்டு. நாஞ்சில் வேளாளரில் ஒரு சாரார் மருமக்கள்வழியில் சொத்தை அக்காள் தங்கை மகனுக்குக் கொடுத்தார்கள். அதனால் வீடுகளில் வந்த சண்டைகளைத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பாட்டாகவே எழுதிவைத்தார். இந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கே மலையாளி சங்கத்திலும் இருப்பார்கள், தமிழர் சங்கத்திலும் இருப்பார்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை முற்றிலும் வேறு. அது பட்டம்போலத் தொங்காது, பெயரோடு ஒட்டியே பிறக்கும். வேலுப்பிள்ளை, ஐயம்பிள்ளை, கனகசபைப்பிள்ளை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அப்படித்தான். இடையில் வெட்டு விடாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். வேலுப்பிள்ளையின் மகன் பெயரில் பிள்ளை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே மகளைக்கூட ‘பிள்ளை, இஞ்ச வா’ என்று கூப்பிடுவார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கிராணிகளாகவும் அரசாங்க எழுத்தர்களாகவும் வந்து குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பழைய தாள்களில் இந்த வடிவத்தை நிறையப் பார்க்கலாம். பெயரும் பிள்ளையும் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

பெண் பெயராகவும் வரும் என்பதை மறக்க வேண்டாம். மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் மகளிர் குழுத் தலைவி சின்னப்பிள்ளையைப் அப்போதைய பிரதமர் வாஜ்பாயி விருது மேடையில் காலைத் தொட்டு வணங்கியது உலகுக்கே தெரியும். அவர் பெயரில் உள்ள பிள்ளைக்கும் பட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டின் சின்னக் குழந்தை, அவ்வளவே. பாட்டியின் பெயர் நாச்சிப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘பாட்டியும் பிள்ளைமார்’ என்று முடிவுகட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளையை ‘புல்லே’ என்று எழுதினார்கள். அங்கே நடந்த ஒரு சம்பவம் சொல்லத் தகுந்தது. 1870களில் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி தடுத்தார். அவர் பாரிஸ் வரை வழக்காடி வென்றார். பிறகு 1881இல், இந்து முறைச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு வழிசெய்யும் ஆணை வந்தது. அப்படி வருகிறவர் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்டது ‘லப்போர்த்’. பிள்ளையை விட்டார். புதிய வாசல் வழியாக நுழைகிறவருக்குப் பழைய பட்டம் வேண்டியிருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1860 தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பதிவில் தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டன. கரையிறங்கிய பிறகு வெள்ளைக்காரன் கேட்டது குடும்பப் பெயர். பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர் என்று கையில் கிடைத்ததைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததை மாற்ற முடியாமல் அப்படியே தலைமுறைக்கும் உறைந்துவிட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்தவர். அங்கே ஒருவர் பிள்ளை என்றால் ஒப்பந்தக் காலத்தில் குடும்பத்தில் யாரோ அந்தப் பெயரைப் பதிந்துகொண்டார் என்பது மட்டும்தான் நிச்சயம். ஒரே கடலைத் தாண்டிய மக்கள்தான். நமக்கு ஏ/எல் முறை வந்ததால் பிள்ளை உதிர்ந்தது, அவர்களுக்குக் குடும்பப் பெயர் முறை வந்ததால் ஒட்டிக்கொண்டது.

இங்கே மலாயாவில் பழைய பிள்ளைகளில் ஒருவர் நாராயண பிள்ளை. பினாங்கில் இருந்தவர், 1819 மே மாதம் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸோடு கப்பலேறிச் சிங்கப்பூர் போய், செங்கல் சூளை வைத்து, 1827இல் அங்கே மாரியம்மன் கோயிலுக்கு அடிப்படை போட்டார். கோலாலம்பூர்க்காரருக்கு நெருக்கமானவர் தம்புசாமி பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் உயர்ந்த பதவி வரை போய், பிறகு ஈயச் சுரங்கத்தில் சீனத் தொழிலதிபர் லோக் யூவோடு கூட்டுச் சேர்ந்து, ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலை நிறுவி, பத்துமலையில் முருகன் வழிபாட்டுக்கு வித்திட்டவர். தைப்பூசம் அங்கே 1892இல் தொடங்கியது. அவர் 1902இல் மறைந்தார். சௌ கிட் பக்கம் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, போய்ப் பாருங்கள். பலகையில் ஜாலான் தம்புசாமி என்று மட்டும்தான் இருக்கும்.

எழுத்துக்கூட்டலைக் கவனிக்கச் சொன்னேன் அல்லவா? ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், கடைசி எழுத்து ‘ஐ’யாக முடிவதும் உண்டு, ‘ஒய்’யாக முடிவதும் உண்டு. நம் பழைய தாள்களிலும் சிங்கப்பூரிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘ஒய்’ அதிகம். தம்புசாமி பிள்ளையின் பெயரையே அப்படித்தான் எழுதினார்கள். கிள்ளானில் 1934இல் பிறந்து சிங்கப்பூர் விமான நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய ஜே.ஒய். பிள்ளையின் பெயரும் ‘ஒய்’யில் முடிகிறது. இதை வைத்துச் சாதியோ ஊரோ சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ‘ஐ’, தம்பிக்கு ‘ஒய்’ என்று இருப்பதும் சகஜம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிராணி காதில் விழுந்ததை எழுதினார், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அதைச் சரிபார்க்கும் படிப்போ தைரியமோ இல்லை.

அந்த மேசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலாயாவில் எல்லோருக்கும் அடையாள அட்டை 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தில்தான் வந்தது. உங்கள் தாத்தா பெயர் கூறியபோது பின்னால் ‘பிள்ளை’ என்று சொன்னவர் அவராகவும் இருக்கலாம், கூட வந்த கங்காணியாகவோ கிராணியாகவோ இருக்கலாம். தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் வெறும் கருப்பையா, பட்டணத்துக் கடைக்கு வந்து நாலு காசு சேர்த்த பிறகு கருப்பையா பிள்ளை என்று இரண்டு விதமான தாள்கள் ஒரே மனிதருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பேர் சொல்லி விரட்டப்பட்டவர், தன்னை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.

இந்தப் பட்டத்தை வேண்டுமென்றே விட்டவர்களும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரியார் தன் பெயரிலிருந்த நாயக்கரை விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுக்கப் பேசினார். அந்தக் காற்றில் இங்கேயும் பலர் பட்டத்தை எடுத்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளை இன்று வ.உ.சி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயரை வைத்தபோதும் வ.உ. சிதம்பரனார் என்றுதான் வைத்தார்கள். இன்னும் அண்மையில் நடந்தது தேவசகாயத்தின் விஷயம். நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலைபார்த்து, கிறிஸ்தவராகி, எல்லாச் சாதியாரோடும் பழகிய குற்றத்துக்கும் சேர்த்து வதைபட்டு, 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். அவரைப் புனிதராக்கும் வேலை நடந்தபோது ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே எழுதிவந்தார்கள். சாதியை விட்டவர் பெயரில் சாதிப் பட்டம் எதற்கு என்று விசுவாசிகள் கேட்டார்கள். வத்திக்கான் அதை ஏற்று நீக்கியது. 2022 மே 15 அன்று அவர் வெறும் தேவசகாயமாகவே புனிதரானார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

உங்கள் மூன்றாவது கேள்வி, குழந்தைக்கு வைக்கலாமா என்பது. சட்டத்தில் தடையில்லை. ஏ/எல்-க்கு முன்னால், குழந்தையின் சொந்தப் பெயரின் பகுதியாகப் பிள்ளை என்று பதிந்தால் அது குழந்தையின் பெயர். அதற்குப் பிறகுதான் தகப்பன் பெயர் வரும். வெளிநாடு போகும்போது டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர் கேட்கிற இடத்தில் தடுமாறாமல் இருக்கலாம் என்று சிலர் இதற்காகவே வைக்கிறார்கள். ஆனால் அங்கேயும் மலேசியக் கடப்பிதழில் உள்ள தகப்பன் பெயர் குறுக்கே வந்து நிற்கும், அதனால் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோலாலம்பூரில் இன்றும் கல்யாணப் பேச்சு எடுத்தால் ‘பிள்ளையா? எந்தப் பிள்ளை?’ என்று அடுத்த கேள்வி வருகிறது. பதில் தெரிகிற வரைக்கும் காபி ஆறிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சுமையை இன்னும் பிறக்காத குழந்தையின் தலையில் வைக்கத் தேவையில்லை. தாத்தாவின் நினைவுதான் வேண்டுமென்றால் அவருடைய சொந்தப் பெயரை வையுங்கள். பிள்ளை எத்தனையோ பேருக்கு உரிய பட்டம், அவர் அம்மா அவரைக் கூப்பிட்ட பெயர் அவருக்கு மட்டுமே உரியது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே பேரன் என்கிறோம்.

ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஐ.சி.யோடு நிற்காதீர்கள். தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம் இருக்கிறதா பாருங்கள். பழைய இந்தியக் கடப்பிதழ் இருந்தால் அதில் பிறந்த ஊர் இருக்கும். ரஜுலா கப்பலில் ஊருக்குப் போய் வந்தவர்கள் அந்தத் தாள்களை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அப்பா, அத்தை, சித்தப்பா கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் ஊர், தாலுகா, ஜில்லா வரை அச்சடிப்பது வழக்கம். குலதெய்வம் எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சாமி பெயர் தெரிந்தால் பாதி ஊர் தெரிந்த மாதிரி. கடைசியாகத் தாத்தாவின் கல்லறைக் கல், அல்லது அவர் உபயம் கொடுத்த கோயில் கல். அங்கே தமிழில் வெட்டியிருப்பார்கள். பெயரும் பிள்ளையும் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா, முன்னால் ஊரின் முதலெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரூமியில் எழுதிய கிராணியைவிட, அந்தக் கல்லில் எழுதச் சொன்ன குடும்பத்தாருக்கு அவர் பெயர் சரியாகத் தெரியும்.